பாட்டும் பிழைப்பும்

சங்கத் தொகைநூல்களைப் பயில்வோர் பாடலின் கீழே அதனைப் பாடியவர் பெயரைக் காண்பர். அப்பெயர்கள் பலவற்றில் ஊரும் தொழிலும் ஒட்டி நிற்கும். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். உறையூர் மருத்துவன் தாமோதரனார் நோய் தீர்த்தவர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் பொன்னை உருக்கி அணி செய்தவர். மணிமேகலை தந்த சாத்தனாரைக் கூலவாணிகன் என்றே மரபு குறிக்கின்றது. அவர் தானியம் அளந்து விற்றவர். நக்கீரனாரோ மதுரைக் கணக்காயனார் மகனார். அஃதாவது பள்ளியாசிரியர் வீட்டுப் பிள்ளை. பாடியவர் யார் என்று சொல்லும்போது அவர் எதனால் உண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்வது தமிழரின் பழைய வழக்கமாக இருந்தது.

இன்று கவிஞரை அறிமுகம் செய்யும் ஏடுகளில் அவ்வழக்கம் தேய்ந்துவிட்டது. தொழில் நின்ற இடத்தில் பட்டம் நிற்கின்றது. பிறந்த ஆண்டு, பெற்ற விருது, போர்த்தப்பட்ட பொன்னாடை ஆகியவை வரிசையாக வரும். அவர் விடியற்காலையில் எழுந்து எங்கே வேலைக்குப் போனார், எந்த நேரத்தில் எழுதினார், முதல் நூலை அச்சிடப் பணம் எங்கிருந்து வந்தது என்னும் செய்திகள் வாரா. தாசேக் கெலுகோர் போன்ற ஊரில் தமிழ்ப்பள்ளியில் பயிலும் சிறுவன், “கவிஞர் என்றால் என்ன வேலை?” என்று கேட்டால், நம் பாடக்குறிப்புகளில் விடை கிடைக்காது. இக்குறை சிறிதன்று. அரசின் துணையின்றி வாழும் மொழியில் எழுதும் கவிஞனுக்கு, அவன் பிழைப்பே கவிதையின் நிலம். நிலத்தை அறியாமல் விளைச்சலை மதிப்பிடுதல் அரிது.

புரவலரும் புலவரும்

பண்டைப் புலவர்க்குப் புரவலர் இருந்தனர் என்பது உண்மை. எனினும் அப்புரவலர் தந்ததெல்லாம் புலவர்க்கு உவப்பாயிருந்தது என்று எண்ணுதல் தவறு. பெருஞ்சித்திரனாரின் வாழ்க்கையே இதற்குச் சான்று. வறுமை வாட்டிய வீட்டை விட்டு அவர் பரிசில் நாடிச் சென்றார். அதியமான் அவரை நேரில் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பினான். பசித்த குடும்பத்தின் தலைவராகிய அவர் அப்பரிசிலை ஏற்க மறுத்தார். தம் புலமையை அளந்து பார்த்து, அதற்கு ஈடாகத் தினையளவு தந்தாலும் போதும் என்பது அவர் கொள்கை. பாராமல் கொடுப்பது கொடை ஆகாது என்னும் இந்த முடிவு, புறநானூற்றின் பெருமைகளுள் ஒன்று.

மன்னர் மறைந்தபின் மடங்களும் சமீன்களும் புலவரைத் தாங்கின. திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) வாழ்ந்தார். எட்டயபுரம் அரண்மனையில் சிலகாலம் இருந்த பாரதியார் அதனை விட்டு விலகினார். 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில திங்கள் தமிழாசிரியர். பின்னர்ச் சுதேசமித்திரனில் துணையாசிரியர். தமிழ்க் கவிஞன் அரண்மனையிலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து அச்சகத்துக்கும் இடம் மாறிய வரலாற்றை அந்த ஓராண்டே சுருக்கமாகக் காட்டுகின்றது.

பள்ளிக்கூடம் பின்னர்ப் பல கவிஞரைக் காத்தது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியர் பணி புரிந்து 1931இல் ஓய்வு பெற்றார். பாரதிதாசன் 1909இல் ஆசிரியராகி 1946இல் ஓய்வு பெற்றார். அவ்வாண்டில்தான் சென்னையில் அவருக்கு இருபத்தையாயிரம் ரூபாய் பணமுடிப்பு வழங்கப்பட்டது. அப்பணமுடிப்பை எல்லாரும் நினைவில் வைத்துள்ளனர். அதற்கு முன் அவர் வகுப்பறையில் கழித்த முப்பத்தேழு ஆண்டுகளை நினைப்போர் சிலரே. கவிமணியின் குழந்தைப் பாடல்கள் எளிய சொற்களில் ஓடுவதற்கும், பாரதிதாசன் பாட்டு உரக்கப் படிக்கும்போது சிறப்பதற்கும் வகுப்பறைப் பழக்கம் ஒரு காரணம் எனலாம். எதிரே அமர்ந்திருக்கும் மாணவனுக்கு விளங்காத சொல் ஆசிரியன் வாயில் நீண்டநாள் நில்லாது.

ஈழத்திலும் இந்நிலையே காணப்படுகின்றது. அளவெட்டியில் பிறந்த மஹாகவி (1927–1971) எழுதுவினைஞராகத் தொடங்கி நிர்வாக சேவை அதிகாரியாக உயர்ந்தவர். பேச்சோசைக்கு நெருங்கிய அவர் யாப்பு, ஏட்டுப் புலமையில் மட்டும் பிறந்ததாகத் தோன்றவில்லை. நாள்தோறும் மக்களின் முறையீடுகளைக் கேட்ட செவி அதன் பின்னே இருக்கின்றது.

கடலோர மொழி ஒன்று

இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதா என்னும் வினா எழலாம். ஐரோப்பாவில் மத்தியதரைக் கடலோரத்தில், பார்சிலோனா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பகுதியில் காட்டலான் மொழி வழங்குகின்றது. வலென்சியாவிலும் பலியாரிக் தீவுகளிலும் அதனைப் பேசுவோர் உளர். பேசுவோர் தொகை ஏறத்தாழ ஒரு கோடி. இடைக்காலத்தில் அவுசியாஸ் மார்க் போன்ற பெருங்கவிஞரைத் தந்த அம்மொழி, 1716இல் ஸ்பானிய அரசு பிறப்பித்த ஆணைக்குப்பின் ஆட்சிமன்றத்தில் இடம் இழந்தது. வீட்டிலும் வயலிலும் வாழ்ந்தது, அலுவலகத்தில் வாழவில்லை.

அதன் மறுமலர்ச்சி 1833இல் அரிபாவ் என்பவர் எழுதிய ஒரு பாட்டுடன் தொடங்கியது என்பர். தாய்நாட்டை நினைந்து ஏங்கும் அப்பாட்டைப் பாடியபோது அவர் இருந்த இடம் மட்ரிட் நகர். செய்த வேலை வங்கியாளர் ஒருவரிடம் அலுவல். தம் முதலாளியின் பெயர்நாளை முன்னிட்டே அவர் அதனை எழுதினார். ஓர் இலக்கியத்தின் மறுபிறப்புக்குக் காரணமான பாட்டு, சம்பளம் தந்தவருக்கு அளித்த வாழ்த்தாகப் பிறந்தது என்பது சிந்திக்கத்தக்கது. பரிசில் மரபு அங்கும் உடனே அறவில்லை.

வெர்தகேர் (1845–1902) வாழ்வு இதனை இன்னும் தெளிவாகக் காட்டும். எளிய குடும்பத்தில் பிறந்து பாதிரியாரான அவர், பார்சிலோனாவுக்கும் கியூபாவுக்கும் இடையே சென்ற கப்பல்களில் குருவாகப் பணியாற்றினார். ‘அட்லாந்திதா’ என்னும் அவர் காப்பியம் 1877இல் பரிசு பெற்றது. ஆழ்ந்துபோன கண்டத்தைப் பாடும் அந்நூல் பெருங்கடலைக் கடந்தவன் கையால் நிறைவுற்றது. கப்பல் நிறுவன உரிமையாளரே அவர்தம் புரவலரும் ஆனார். அவர் மாளிகையில் தங்கி ஏழைகளுக்கு அறம் வழங்கும் பொறுப்பை வெர்தகேர் ஏற்றார். கொடுத்த கை அளவு மீறியது என்றும், நடத்தை முறையற்றது என்றும் குறை எழுந்தது. 1893இல் அம்மாளிகையை விட்டு விலக்கப்பட்டார். 1895இல் குருப்பணி செய்யும் உரிமையையும் இழந்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின்னரே அது மீண்டது. இடையில் செய்தித்தாள்களில் தம் பக்க நியாயத்தைத் தாமே எழுதினார். புரவலனைச் சார்ந்த புலவன், புரவலன் முகம் திரும்பியபோது பொதுமக்களிடம் முறையிட்டான். 1902இல் அவர் இறந்தபோது பார்சிலோனா நகரமே இறுதி ஊர்வலத்தில் திரண்டது. வீடு இழந்தவனுக்கு வாசகர் கூட்டம் ஒன்று அதற்குள் உருவாகிவிட்டிருந்தது.

தொழில் பாட்டில் நுழையும் வழி

அவருக்குப் பின் வந்தோர் புரவலரை நம்பவில்லை. கைத்தொழிலையும் அலுவலகத்தையும் நம்பினர். சல்வாட் பாப்பசேய்ட் (1894–1924) கப்பலில் கரி தள்ளியவரின் மகன். சிறுவயதில் தந்தையை இழந்தார். துறைமுகத்தில் இரவுக் காவல் காத்தார். காசநோயால் முப்பதாம் வயதில் மறைந்தார். துறையில் அடுக்கிய மரங்களுக்கிடையே குளிரில் விழித்திருந்த இரவுகள் அவர் கவிதையிலேயே பேசப்படுகின்றன. ஃபோஷ் (1893–1987) குடும்பத்துக்குச் சொந்தமான இனிப்புப் பலகாரக் கடையை நடத்தினார். அக்கடையின் வருமானம் அவருக்கு ஓர் உரிமையைத் தந்தது: எவர் விருப்பத்துக்கும் எழுதவேண்டிய தேவை இல்லை. பழைய ஈரேழ்வரிப் பாவடிவத்தையும் புதிய கனவுக் காட்சிகளையும் அவர் ஒன்றாகப் பிணைத்தார். விற்பனைக்கு இனிப்பு இருந்தமையால் கவிதையை விற்பனைக்கேற்ப இனிப்பாக்கும் நெருக்கடி அவருக்கு இல்லை.

மார்த்தி இ போல் (1929–2003) என்பவரின் வாழ்க்கை மலேசியத் தமிழர் உள்ளத்தை மிகவும் தொடக்கூடியது. ரோடா தெ தேர் என்னும் சிற்றூரில் பிறந்த அவர் பதினான்காம் வயதில் அவ்வூர் நெசவாலை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் கணக்கு, மற்ற நேரத்தில் கவிதை. உடன் வேலை செய்தோரை ஒவ்வொருவராக நிறுத்திப் பாடிய ‘ஆலை’ என்னும் தொகுதி 1972இல் வெளிவந்தது. 1970இல் தொடங்கிய நரம்பு நோய் அவரை வேலையினின்றும் பின்னர் நடையினின்றும் பேச்சினின்றும் பிரித்தது. எழுத்தினின்றும் பிரிக்க இயலவில்லை. ஊரைவிட்டு நீங்காத ஆலைப் பணியாளர் தம் மொழியில் மிக அதிகமாகப் படிக்கப்பட்ட கவிஞருள் ஒருவரானார். அவருக்கு ஆலை ஒரு தடையாக மட்டும் இருந்திருந்தால் ‘ஆலை’ பிறந்திராது.

எஸ்பிரியு (1913–1985) பத்திரப் பதிவு அலுவலகத்தில் உழைத்தவர். மரியா மெர்சே மர்சால் (1952–1998) பள்ளியில் காட்டலான் மொழி கற்பித்தவர். ஜோவான் மர்கரித் (1938–2021) கட்டடக் கலைஞர். கட்டமைப்புக் கணக்கீடு கற்பித்த பேராசிரியர். இவர்களுள் ஒருவரும் கவிதையால் மட்டும் உண்டவர் அல்லர். அதனை அவர்கள் வாழ்க்கை வரலாறுகள் மறைப்பதும் இல்லை.

மொழியைத் தாங்கிய தூண்கள்

தனிமனிதர் உழைப்பு மட்டும் அம்மொழியை நிலைநிறுத்தியது என்று கூறுதல் மிகையாகும். 1859இல் பார்சிலோனாவில் மலர்ப் போட்டி எனப்படும் கவிதை விழா மீண்டும் தொடங்கியது. பரிசாக மலர் வழங்கப்பட்டது. வெர்தகேரை உலகறியச் செய்தது அவ்விழாவே. பொம்பேவு ஃபப்ரா என்னும் பொறியாளர் 1913இல் எழுத்து நெறிகளையும், 1918இல் இலக்கணத்தையும், 1932இல் அகராதியையும் உருவாக்கித் தந்தார். 1939இல் பிராங்கோ ஆட்சி நிலைபெற்றபின் பள்ளியிலும் அலுவலகத்திலும் பொதுவாழ்விலும் அம்மொழி விலக்கப்பட்டது. உடனே மலர்ப் போட்டி கடல் கடந்தது. 1941இல் புவனோஸ் அயர்ஸ் நகரில் நடந்து, பின் ஆண்டுதோறும் வேற்று நாடுகளில் தொடர்ந்தது. 1961இல் மொழிப்பற்றாளர் சிலர் ஒம்னியம் கல்ச்சுரல் என்னும் அமைப்பைத் தம் செலவில் நிறுவினர். அரசு அதனை 1963இல் மூடியது. 1967இல் மீண்டும் திறக்கப்பட்ட அவ்வமைப்பு 1969 முதல் எழுத்தாளர்க்குச் சிறப்பு விருது வழங்கி வருகின்றது. எஸ்பிரியு 1972இலும் ஃபோஷ் 1973இலும் அதனைப் பெற்றனர். அரசு மதியாத மொழியை மக்கள் மதித்தனர்.

ஆட்சி மாறியபின் 1979இல் அம்மொழி அரசியல் தகுதியைத் திரும்பப் பெற்றது, பள்ளிகளில் வேரூன்றியது. கவிஞரின் நூல் மாணவர் கைக்குச் சென்றது. விருதைவிட அதுவே பெரிய பரிசில்.

மலாயா மண்ணில்

இனி இந்நாட்டு நிலையை நோக்கலாம். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க் கவிதை வரலாற்றைப் பெரும்பாலும் 1887இலிருந்து தொடங்குவர். அவ்வாண்டில் யாழ்ப்பாணத்து வண்ணைநகர்ச் சதாசிவப் பண்டிதரின் வண்ணையந்தாதி, சிங்கை நகரந்தாதி முதலியவை சிங்கப்பூரில் அச்சேறின. 1924இல் தமிழ் நேசனும் 1935இல் தமிழ் முரசும் தோன்றின. இங்குப் புரவலன் இடத்தைச் செய்தித்தாளின் ஞாயிறு மலர் எடுத்துக்கொண்டது. ஆசிரியர், தோட்டக் கிராணி, அச்சுக்கோப்பவர், வானொலிப் பணியாளர், கடைக் கணக்கர் எனப் பலரும் அதில் பாடினர். கோ. சாரங்கபாணி தமிழ் முரசில் நடத்திய மாணவர் மணிமன்றம் பள்ளிப் பிள்ளைகளையும் எழுத வைத்தது. 1962இல் மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கம் உருவாயிற்று. 1964இல் சி. கமலநாதனின் படைப்போடு புதுக்கவிதை தலைகாட்டியது, 1979இல் எம்.ஏ. இளஞ்செல்வனின் ‘நெருப்புப் பூக்கள்’ புதுக்கவிதைத் தொகுதியாக வெளிவந்தது.

இவ்வளவு உழைப்பும் சிதறிப் போகாமல் காத்தவர் ஓர் ஆசிரியரே. கேரித் தீவில் பிறந்து தமிழ்ப்பள்ளியில் பணிபுரிந்த முரசு நெடுமாறன், 1887 முதல் 1987 வரை நூறாண்டுக் கவிதைகளைத் திரட்டி ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சிய’மாக 1997இல் வெளியிட்டார். ஒரு பல்கலைக்கழகம் பலரைக்கொண்டு செய்யத்தக்க பணியை ஒரு பள்ளியாசிரியர் மேற்கொண்டது பெருமைக்குரியது. பிறர் மேற்கொள்ளாமை வருந்துதற்குரியது.

பினாங்கில் வாழ்ந்த சீனி நைனா முகம்மது (1947–2014) காட்டலான் நாட்டில் பலர் பகிர்ந்துகொண்ட பணிகளைத் தாம் ஒருவரே சுமந்தார் எனலாம். அவர் மரபுக் கவிஞர். ‘உங்கள் குரல்’ இதழின் ஆசிரியர். தொல்காப்பியத்தை ஊர்தோறும் பாடம் சொன்ன இலக்கண ஆசான். இந்நாட்டு விழா மேடைகளில் பாடப்படும் தமிழ் வாழ்த்து அவர் இயற்றியது. அவர் பாட்டில் ஓசை தடுமாறாமைக்கு இலக்கணப் பயிற்சி காரணம். அவர் இலக்கண விளக்கம் வறண்டுபோகாமைக்குக் கவிதைப் பயிற்சி காரணம். தமிழ் வாழ்த்தைப் பாடுவோர் ஆயிரவர். அவர் கவிதை நூலை விலைகொடுத்து வாங்கியோர் எத்தனை பேர் என்று ஒவ்வொரு தமிழாசிரியரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் நம் கவிதை மீதும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். பால்மரக்காட்டு வாழ்வு தோட்டத்துத் தாய்மார் பாடிய வாய்மொழிப் பாடல்களில் நிறைந்திருந்தது. பெரட்டுக்குச் செல்லும் இருட்டும், மங்கில் சொட்டும் பாலும், கங்காணியின் அதட்டலும் அவற்றில் உண்டு. ஏட்டில் எழுதிய கவிஞரோ நெடுங்காலம் மொழி வாழ்த்தும் தலைவர் புகழும் விழா வாழ்த்தும் மிகுதியாகப் பாடினர். விதிவிலக்குகள் உண்டு, ஆயினும் பொதுப்போக்கு அதுவே. பகலில் செய்த தொழிலைக் கவிதைக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு, விழாச் சட்டையோடு கவிதைக்குள் நுழைந்தனர். கிராணியின் பேரேட்டில் எழுதப்பட்ட பெயர்களும், ஆசிரியரின் வருகைப் பதிவேட்டிலிருந்து பாதி ஆண்டில் மறைந்த பெயர்களும் பாட்டாகியிருக்க வேண்டியவை. 1969க்குப் பின் குடியுரிமையற்றோர்க்கு வேலை அனுமதி மறுக்கப்பட்டு, பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். அப்பிரிவைப் பாடத்தக்க கண்ணும் கையும் ஒவ்வொரு தோட்ட அலுவலகத்திலும் இருந்தன. மார்த்தி இ போல் தம் ஆலையைப் பாடியதைப்போல் நம்மவர் தம் தோட்டத்தை நிறையப் பாடியிருந்தால், இன்று வீட்டு மனைகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்ட அத்தோட்டங்கள் கவிதையிலேனும் எஞ்சியிருக்கும்.

ஒப்பீட்டுக்கும் எல்லை உண்டு. காட்டலான் மொழிக்குத் தன் நிலமும் நகரும் உண்டு. மலேசியத் தமிழர் குடியேறிய வழியினர், தொகையிற் சிறியர். மறுபுறம், தமிழுக்குத் தமிழகம் என்னும் பெரும்பரப்பு உண்டு. ஆயினும் அங்குள்ள வாசகரிடம் இந்நாட்டுக் கவிதை நூல்கள் சென்று சேர்வது அரிதாகவே உள்ளது. 1981 முதல் வழங்கப்படும் நாட்டு இலக்கியவாணர் விருது மலாய்மொழிப் படைப்புக்குரியது. ஆகவே இங்குள்ள தமிழ்க் கவிஞனுக்கு அருகில் இருக்கும் வாசகனே முதல் வாசகன். பெரும்பாலும் கடைசி வாசகனும் அவனே. அவ்வாசகன் உருவாகும் இடம் தமிழ்ப்பள்ளி.

ஆசிரியர் செய்யத்தக்கது

செய்யவேண்டியது பெரிதன்று. கவிஞரைப் பாடத்தில் அறிமுகம் செய்யும்போது பட்டங்களைக் குறைத்து, ஊரையும் தொழிலையும் சேர்த்துச் சொல்லலாம். தன் தந்தை செய்யும் வேலையைச் செய்த ஒருவர் பாட்டெழுதினார் என்று அறியும் மாணவன், தானும் எழுதலாம் என்று எண்ணத் தொடங்குவான். பழைய ஞாயிறு மலர்களில் எழுதிய முதியோர் இன்னும் சில ஊர்களில் உளர். மாணவரை அனுப்பி அவர்தம் வாழ்வைக் கேட்டு எழுதச் செய்யலாம். பள்ளி நூலகத்துக்கு ஆண்டுக்கு ஓர் உள்நாட்டுக் கவிதை நூலேனும் விலைக்கு வாங்கலாம். பொன்னாடை போர்த்தும் விழாவில், போர்த்துமுன் அக்கவிஞரின் ஒரு கவிதையை ஒரு மாணவன் எழுந்து படிக்கட்டும்.

காணாது தந்த பரிசிலைப் பெருஞ்சித்திரனார் பசியோடு மறுத்துத் திரும்பினார். படியாது போர்த்தும் ஆடையை இன்றைய கவிஞர் மறுப்பதில்லை. மறுத்தால் அதுவும் கிடைக்காது என்பதை அவர் அறிவார். அவரை அந்நிலையில் வைத்திருப்பது வறுமை மட்டும் அன்று. வாசகரின் பாராமுகமும் ஆகும். பண்டை நாளில் கணக்காயர் வீட்டிலிருந்து ஒரு நக்கீரர் வந்தார். இன்றைய கணக்காயர் வீட்டிலும் வகுப்பிலும் கவிதை நூல் ஒன்று திறந்து கிடக்குமானால், அடுத்தவர் வருவதற்கு வழியுண்டு.